கிணற்றில் இரண்டு நிலைகள்

ஏழாவது கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தொரு வயதுக்காரி பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று பக்கத்து பெஞ்சுப் பெண் பேனா மூடியைக் கடித்தபடி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். அவளுக்கு இது நான்காவது செமஸ்டர், எனக்குப் பதினெட்டாவது வருஷம். எம்.எஸ்ஸி. இயற்பியலில் எல்லாப் பேப்பரும் அப்போதே முடிந்தது, இந்த குவாண்டம் மெக்கானிக்ஸ் ஒன்று மட்டும் என் பட்டத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. முதல் தடவை வாந்தியும் மயக்கமுமாக எழுதினேன், அந்தப் பழி வயிற்றிலிருந்த மகளுக்கே போகட்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு என்று திறந்துவிட்டார்கள். முப்பத்தாறு வாங்கினேன். தேர்ச்சிக்கு முப்பத்தெட்டு. இப்போது மறுபடி ஒரு வாய்ப்பு, இதற்குமேல் கிடையாது என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். மணி பன்னிரண்டு எட்டு. இதுவரை எழுதியதற்கு எவ்வளவு கஞ்சத்தனமாகப் போட்டாலும் முப்பது வரும். துகள் சிதறல் பற்றிய கேள்வியை நான் தொடவில்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத எனக்கு வராது. மீதி எட்டு இந்த ஏழாவது கேள்வியில் இருக்கிறது, பதினைந்து மதிப்பெண், அதுவும் எனக்குப் பிடித்த ஆற்றல் கிணற்றுக் கணக்கு. இதைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு எதைப் பார்த்துச் சிரிப்பது.

எழுது கலாமணி. இரண்டு பக்கமும் சுவர், சுவருக்கு உயரம் உண்டு ஆனால் வானம் வரை போகாது, உள்ளே ஒரு துகள். தப்பித்து வெளியே போகாமல் அது எத்தனை விதமாக உள்ளேயே நிற்க முடியும், ஒவ்வொன்றிலும் அதன் ஆற்றல் என்ன. கிணற்றின் ஆழத்தையும் அகலத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அது இரண்டு என்று கொடுத்துவிட்டார்கள். உள்ளே அலை ஆடும், வெளியே அலை தேயும். சுவர் இருக்கும் இடத்தில் இரண்டும் மடிப்புத் தெரியாமல் ஒட்ட வேண்டும், ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கிற மாதிரி. ஒட்டினால்தான் நிலை, ஒட்டாவிட்டால் இல்லை. இந்தத் துகளிடம் எனக்குப் பிடித்ததே அதன் அடங்காமைதான். ஒரு கல்லைக் கிணற்றில் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். இது கிடக்காது. கொஞ்சமாவது மேலே நின்று ஆடிக்கொண்டுதான் இருக்கும். அதற்காக நினைத்த இடத்திலும் நிற்காது. கிணற்றுப் படி மாதிரி இந்த உயரம், விட்டால் அந்த உயரம், நடுவில் கால் வைக்க இடமில்லை. அணுவுக்குள்ளும் இதே கதைதான் என்று பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் வருகிறது. எங்கள் பள்ளியில் அதை நடத்துகிற வாத்தியார் கைடைப் பிரித்துவைத்து ஒரு வரி விடாமல் வாசிப்பார். நான் முப்பட்டகக் கண்ணாடி வைத்த தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்பின் பின்வாசலில் நிற்பேன். ஏன் சார் நடுவில் நிற்காது என்று ஒரு பிள்ளை கேட்டது. அது அப்படித்தான், எழுதிக்கோ என்றார். எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்து நின்றது. நான் லேப் அசிஸ்டெண்ட், பதினான்கு வருஷமாக. பிள்ளைகள் லேப் மிஸ் என்று கூப்பிடும், வருகைப் பதிவேட்டில் நான் மிஸ் கிடையாது. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டேன். அந்த வாத்தியார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "பி.எட். முடிச்சு வெச்சிருக்கறீங்க, அந்த எம்.எஸ்ஸி. சர்டிபிகேட்டையும் கொண்டாந்துருங்க கலாமணி, ஜூன்ல இருந்து அந்தக் கிளாஸ் உங்குளுக்குத்தான். இல்லாட்டி நான் வெளிய இருந்துதான் ஆள் எடுக்கோணும், அப்பறம் என்னையக் கோவிச்சுக்கப்படாது" என்றார். கோபித்துக்கொள்ள மாட்டேன். கொண்டுவருவேன். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

சமன்பாடு வந்துவிட்டது, அதில் கண்டுபிடிக்க வேண்டியது இசட். இசட் டேன் இசட் ஒரு பக்கம், நான்கிலிருந்து இசட்டின் வர்க்கத்தைக் கழித்து அதன் வர்க்கமூலம் இன்னொரு பக்கம். இதை நேராகத் தீர்க்க யாராலும் முடியாது, இரண்டையும் படமாக வரைந்து எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். வெட்டுகிற இடம் ஒரு படி. பென்சில் எடு. ஒரு பக்கம் கால் வட்டம், ஆரம் இரண்டு. டேன் கோடு சுழியத்தில் சாதுவாகக் கிளம்பி, ஒன்றரையைத் தாண்டி பை வகுத்தல் இரண்டை, அதாவது ஒன்று புள்ளி ஐந்து ஏழை, நெருங்கும்போது வெறிபிடித்து மேலே ஓடும். ஓடுகிற வழியில் வட்டத்தை வெட்டியே தீர வேண்டும், ஒன்று புள்ளி ஐந்து ஏழுக்கு முன்னாலேயே. அடுத்து காட் கோடு, நடுவில் சுழியமாகும் இன்னொரு வகை அலைக்கானது, அது ஒன்று புள்ளி ஐந்து ஏழில்தான் தலை தூக்கும், வட்டம் இரண்டு வரை வருகிறது, ஆகவே அங்கேயும் ஒரு வெட்டு. மொத்தம் இரண்டு நிலைகள். கையெடுக்காமல் வரைந்தேன், எனக்கே அழகாக இருந்தது. "மிஸ், அடிஷனல் ஷீட் வேணுங்களா?" என்று குனிந்து கேட்டாள் கண்காணிப்பாளர். கீர்த்தனா. எங்கள் பள்ளியில் படித்து, என் லேபில் இரண்டு முப்பட்டகக் கண்ணாடியை உடைத்து, இன்று இந்தக் கல்லூரியில் விரிவுரையாளர். காலையில் என்னை இந்த மண்டபத்தில் பார்த்ததும் வணக்கம் சொல்வதா ஹால் டிக்கெட் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள் பாவம். "குடும்மா, ரெண்டாக் குடு" என்றேன். இனி எண்கள் மட்டும்தான். இசட்டுக்கு ஒரு மதிப்பைப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கொஞ்சம் நகர்த்தி, நெருங்கி நெருங்கிப் பிடிக்க வேண்டும். படத்துக்கும் வழிமுறைக்கும் ஆறு மதிப்பெண், விடைக்கு ஒன்பது. ஆறு போதாது. கால்குலேட்டரை எடுத்தேன்.

இது என் கால்குலேட்டர். பின்னால் கவராயம் முனையால் கீறியிருக்கிறது, கே. கலாமணி, முதலாம் ஆண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் அவருடையது, அவர் வாயில் இதற்குப் பெட்டி என்று பெயர். அவர் சர்வேயர், நாச்சிமுத்து சர்வேயர் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. காட்டில் நின்று கோணம் பார்த்து, தூரம் அளந்து, இதில் தட்டித்தான் எல்லையைச் சொல்வார். இன்று காலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது, "பரிச்சை முடிஞ்சதீம் பொட்டிய எங்கிட்டக் குடுத்துரோணும் கலா, மத்தியானம் கொமரலிங்கத்துல அளவு இருக்குது" என்றார். "குடுக்கறனுங்க, என்ன, அதைய நான் தின்னுபோட்டா போறேன்" என்றேன். சரி, இசட் ஒன்று. ஒன்று பெருக்கல் டேன் ஒன்று, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று ஏழு. மறுபக்கம் ஒன்று புள்ளி ஏழு மூன்று. இவ்வளவு தூரமா? சரி, இன்னும் மேலே போக வேண்டும் போல. ஒன்றரை. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று ஒன்பது. மறுபக்கம் ஒன்று புள்ளி மூன்று. டேன் கோடு இந்நேரம் மேலே ஓடியிருக்க வேண்டுமே, இது தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருக்கிறதே. ஒன்று புள்ளி ஒன்பது. இன்னும் இல்லை. ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது. நெருங்குகிறது. ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது எட்டு எட்டு, அங்கேதான் சமமாகிறது. ஆற்றலாக மாற்றினால் கிணற்றின் ஆழத்தில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு. முதல் படியே கிணற்று விளிம்பில். இன்னும் ஒரு தும்மல் தும்மினால் துகள் வெளியே விழுந்துவிடும். காட் கோட்டுக்குப் போட்டால் எதிர்க்குறி வருகிறது, வெட்டவே வெட்டாது, இரண்டாவது நிலையே இல்லை. மணி பன்னிரண்டு முப்பத்தாறு.

வியர்த்தது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, எனக்கு மட்டும் வியர்க்கிறது. படம் இரண்டு என்கிறது, பெட்டி ஒன்று என்கிறது. பெட்டி சொல்வதும் யோக்கியமாகத்தான் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. இந்த மாதிரிக் கிணறு எவ்வளவு ஆழம் குறைந்தாலும் உள்ளே ஒரு நிலையாவது நிச்சயம் உண்டு, அது தேற்றம். ஒன்றே ஒன்று, விளிம்பை ஒட்டி, பெட்டி அதைத்தான் காட்டுகிறது. ஆழமில்லாத கிணறு, தொற்றிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நிலை. அப்படி என்றால் என் படம் தப்பா? பை வகுத்தல் இரண்டு என்றால் ஒன்று புள்ளி ஐந்து ஏழு தானே? தானே என்று கேட்க ஆரம்பித்தால் தொலைந்தது. பென்சில் கோட்டைப் பார்த்தேன். ரப்பர் பக்கத்தில் இருந்தது. இதைத் துடைத்துவிட்டு, டேன் கோட்டைத் தாழ வரைந்து, ஒரு வெட்டு என்று எழுதிவிட்டால் படமும் எண்ணும் ஒத்துப்போகும், திருத்துகிறவர் கண்ணுக்கு உறுத்தாது. கை ரப்பரை எடுத்தேவிட்டது. அந்த ரப்பரின் மணம். இந்த மணம் எனக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மணம், இதே வெள்ளைத் துகள்கள், புறங்கையால் தள்ளிவிட்டு ஊதினேன். போன தடவையும் ஒரு கிணறு வந்தது. அளவு வேறு. அன்றைக்கும் முதலில் படம்தான் வரைந்தேன், இரண்டு வெட்டு வந்தது, எண் போட்டுப் பார்த்தால் ஒத்துவரவில்லை. நமக்கு எங்கே வரப்போகிறது, கல்யாணமாகி, சமையலும் துணியும் பிள்ளையுமாக இத்தனை வருஷம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தால் புத்தி இப்படித்தான் இருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டு படத்தைத் துடைத்தேன். முப்பத்தாறு வந்தது. விடைத்தாளை யாரும் காட்டவில்லை. நான்கு வருஷம் அந்த முப்பத்தாறை என் மூளையின் அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இந்தத் தடவை துடைக்க மாட்டேன். ரப்பரை டெஸ்கின் அந்த ஓரத்துக்குத் தள்ளினேன், உருண்டு பக்கத்துப் பெண்ணின் காலடியில் விழுந்தது. அங்கேயே கிடக்கட்டும். டேன் எனக்குத் தெரியும். பெட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது.

கெட்டுப்போய்விட்டதோ. பேட்டரியோ. போதும், இதை மூடி வை, படத்திலிருந்தே அளவுகோல் வைத்து அளந்து எழுது, உத்தேசமாக எழுதினாலும் பாதி போடுவார்கள். மூடுவதற்காகக் கையில் எடுத்தேன். எடுத்ததும் கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது. மோடு, மோடு, ஒண்ணு. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவோமே, அந்த மாதிரி. பதினோரு வருஷப் பழக்கம். கால்குலேட்டரில் கோணத்தை அளக்க இரண்டு வழி உண்டு, அவருக்கு டிகிரி, எனக்கு ரேடியன். இந்தக் கிணற்றுக் கணக்கெல்லாம் ரேடியனில்தான் போட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் ஏதோ பழைய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு ரேடியனிலேயே வைத்துவிட்டேன். மறுநாள் அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தோட்டத்தை அளக்கப் போனார். எல்லைக்கல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றுக்கு நட்டநடுவில் வந்தது. அவர் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார், மூன்றாம் தரமும் கிணற்றுக்குள்தான். "சர்வேயர் கல்லக் கெணத்துக்குள்ள நடச் சொல்றாருங், முங்கறதுக்கு ஆள் கூட்டியாறட்டுங்களா?" என்று தோட்டத்துக்காரர் கேட்டாராம். ஊரே சிரித்தது. அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. "தொட்டா டிகிரிக்கு மாத்தி வெச்சுட்டுப் போ கலா, என்ற மானமே போச்சு" என்றார், சத்தம்கூடப் போடவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து என் கணக்கு முடிந்த மறு நொடி மோடு, மோடு, ஒண்ணு. இன்று காலை எட்டு மணிக்குக் கடைசியாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. முடித்து உறையில் போட்டேன். போடும்போது.

திரையைப் பார்த்தேன். மேல் ஓரத்தில் கடுகளவுக்கு டி. இப்போது அமுக்கியதால் எதுவும் மாறவில்லை, ஏற்கெனவே டி தான். காலையிலிருந்தே டி. நான்கு வருஷத்துக்கு முன்னாலும் கிளம்புகிற நேரத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேனே, அன்றைக்கும் டி. அட கடவுளே. அந்த இரண்டு மதிப்பெண். என் மூளைக்கு ஒன்றுமே ஆகவில்லை. சமையலும் துணியும் பிள்ளையும் அதை ஒன்றும் செய்யவில்லை. என் விரல் அவருடைய எல்லைக்கல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கண்ணில் நீர் கட்டிவிட்டது, கோபமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, இரண்டும்தான். முந்தானையில் துடைத்துக்கொண்டேன். கீர்த்தனா பயந்துபோய் வந்து, "மிஸ், ஒடம்பு ஏதாச்சும் சரியில்லீங்களா? இன்னும் பதினஞ்சு நிமிஷந்தான் இருக்குதுங்க" என்றாள். "பதினஞ்சு தாராளம், நீ போம்மா" என்றேன். போன தடவை எனக்கு இந்தத் தாராளம் இல்லை. மோடு, மோடு, இரண்டு. ஆர். இசட் ஒன்று. ஒன்று புள்ளி ஐந்து ஐந்து ஏழு, மறுபக்கம் ஒன்று புள்ளி ஏழு மூன்று. பார், எவ்வளவு பக்கம். ஒன்று புள்ளி ஒன்று, தாண்டிவிட்டது. ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று. ஒன்று புள்ளி ஏழு ஒன்று ஐந்து, மறுபக்கம் ஒன்று புள்ளி ஏழு ஒன்று நான்கு. வந்துவிட்டாயா. நான் வரைந்த இடத்திலேயே, ஒன்று புள்ளி ஐந்து ஏழுக்கு ரொம்ப முன்னாலேயே. ஆழத்தில் பூஜ்யம் புள்ளி இரண்டு ஆறு ஐந்து பங்கு. விளிம்பிலா நிற்கிறது? கால்வாசி உயரத்தில் ஜம்மென்று நிற்கிறது.

இரண்டாவது. காட் கோடு. ஒன்று புள்ளி எட்டு, போதாது. ஒன்று புள்ளி ஒன்பது, கொஞ்சம் அதிகம். ஒன்று புள்ளி எட்டு ஒன்பது ஐந்து, பூஜ்யம் புள்ளி ஆறு மூன்று ஏழு, மறுபக்கம் பூஜ்யம் புள்ளி ஆறு நான்கு. பக்கத்து பெஞ்சுப் பெண் தாள்களைக் கட்ட நூல் கேட்கிறாள். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். ஒரு மயிரிழை தள்ளினேன், இரண்டு பக்கமும் பூஜ்யம் புள்ளி ஆறு மூன்று எட்டு. ஆற்றல் பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்பது எட்டு. இதுவும் கிணற்றுக்குள்தான், விளிம்புக்குக் கீழேதான். இரண்டு நிலைகள், எழுதிக் கட்டம் போட்டேன். மூன்றாவது ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை, நானே இரண்டு வரி எழுதினேன்: அடுத்த வெட்டுக்குக் கோடு தலை தூக்க மூன்று புள்ளி ஒன்று நான்கு வரை போக வேண்டும், நம் வட்டம் இரண்டிலேயே முடிந்துவிடுகிறது. கேட்காத கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். வாத்தியார் புத்தி வந்துவிட்டது. மணி அடித்தது. கீர்த்தனா என் தாளை வாங்கும்போது படத்தை ஒரு நொடி பார்த்தாள், பார்க்கக் கூடாதுதான். மற்றவர்களிடம் ஒரு கையால் வாங்கியவள் என்னிடம் இரண்டு கையாலும் வாங்கினாள்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் வாகை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். காலையில் கொண்டுவந்துவிட்டபோது இருந்ததைவிட அவர் முகம் வெளுத்திருந்தது. "எப்படி?" என்றார், அதற்குமேல் கேட்க அவருக்குப் பயம். "ஜூன் மாசத்துக்குப் பீரோவுல இருக்கற காட்டன் சேலையெல்லாம் கஞ்சி போட்டு வெச்சுருங்க" என்றேன். புரிய ஒரு நொடி ஆனது, புரிந்ததும் துண்டை எடுத்து முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். கால்குலேட்டரை உறையிலிருந்து எடுத்தேன். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் மோடு பொத்தானுக்குப் போனது. அங்கேயே நிறுத்தினேன். அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

"ரேடியன்ல இருக்குதுங்க. நீங்களே மாத்திக்குங்க."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகத் தேடினார். பதினோரு வருஷமாக அந்தப் பெட்டி அவருக்கு டிகிரியில்தான் கிடைத்திருக்கிறது. அதை எப்படி மாற்றுவது என்று தெரிந்துகொள்ளும் அவசியமே அவருக்கு வந்ததில்லை.

"எதைய அமுத்தோணும் கலா?" என்றார்.

தட்டை ஏந்திக்கொண்டு பின்வாசலில் நின்ற அத்தனை வருஷத்திலும் என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். பொத்தானை நான் தொடவில்லை.

"மேல வலது பக்கம் மோடுன்னு இருக்குது பாருங்க. அதைய ரெண்டு தரம் அமுத்துங்க. அப்பறம் ஒண்ணு. இப்ப சொல்லுங்க, மேல என்ன எழுத்து தெரியுது?"